பூனைக் கண் காட்டிக்கொடுத்த நோய்கள்

மஞ்சள் கண் சில நாட்களில் செம்மண் நிறமாகிறது. உள்ளே கலங்கல், பாவை சுருங்கிக் கிடக்கிறது. பார்ப்பவர் தூசு விழுந்திருக்கும் என்பார். பல நேரம் கோளாறு கண்ணில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கால் நூற்றாண்டு ஆனது. 1963இல் பாஸ்டனின் ஏஞ்சல் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த ஜீன் ஹோல்ஸ்வொர்த், வயிற்றில் நீர் கோத்துச் சாகும் பூனைகளைப் பற்றி எழுதினார். எஃப்ஐபி என்று இன்று அழைக்கப்படும் நோய் அது. நீரே கோக்காமல் கண்ணையும் மூளையையும் தாக்கும் இன்னொரு வடிவம் அதற்கு உண்டென்று பிறகுதான் தெரிந்தது.

1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸைக் கண்டார். 1986இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் வளர்ப்புப் பூனைகள் அடுத்தடுத்து நலிய, நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் எச்ஐவிக்கு உறவான வைரஸொன்றைப் பிடித்தார்கள். இரண்டுமே கண் அழற்சியாகத் தலைகாட்டக்கூடியவை. டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் அப்படியே.

எஃப்ஐபி என்றாலே மரணம் என்ற நிலையை, 2019இல் பெடர்சன் குழு வெளியிட்ட ஜிஎஸ்-441524 மருந்தாய்வு மாற்றியது. சிகிச்சை தொடங்கிய 31 பூனைகளில் 26 அதை முடித்தன.

பூனையின் கண் நிறம் மாறினால் சொட்டு மருந்தோடு நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.