டேவிஸ் போட்ட வெள்ளைக்கோடு

அமெரிக்கத் தெருக்களில் சைக்கிளுக்கென்று முதன்முதலில் தடம் பிரித்தது கலிஃபோர்னியாவின் டேவிஸ், 1967இல். சின்ன காலேஜ் டவுன். பெயிண்ட் அடிக்கிற வேலைதானே என்று நினைத்துத்தான் நானும் தோண்ட ஆரம்பித்தேன். அப்படி இல்லை!

குடும்பத்தோடு நெதர்லாந்தில் இருந்துவிட்டு வந்த பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் நண்பர்களும் கேட்டபோது நகர மன்றம் அசையவில்லை. 1966 நகர மன்றத் தேர்தலில் அதுவே பிரச்சினையாகி, சைக்கிள் ஆதரவாளர்கள் ஜெயித்தார்கள். அப்புறமும் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. அதையும் மாற்றித்தான் கோடு போட்டார்கள்.

பிறகு நடந்ததை எங்கள் ஆபீஸில் ஏ/பி டெஸ்ட் என்போம். வெவ்வேறு தெருவில் வெவ்வேறு வடிவம். சிகமோர் லேனில் கான்கிரீட் தடுப்பே வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் எடுத்தும்விட்டார்கள். இன்று பல நகரங்கள் செலவழித்துக் கட்டுவது அந்தத் தடுப்பைத்தான்.