கணக்கில் மட்டும் வந்த மக்கள்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் உண்டு. இலங்கைப் போரினால் கடல் கடந்து வந்த குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழும் முகாம் அங்கே இருக்கிறது. இத்தகைய முகாம்களில் வாழ்வோரை 'அகதிகள்' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். தமிழக முகாம்களில் உள்ளோருள் பல்லாயிரவர், திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் கூலிகளாகச் சென்றோரின் வழிவந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய அம்மக்களின் குடியுரிமையை இலங்கை அரசு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறித்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. யாழ்ப்பாணத் தலைவர்களுள் சிலர் இதற்குத் துணைபோயினர். அதைப் பொறாத எஸ்.ஜே.வி. செல்வநாயகம், தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். சந்தையில் மூட்டைகளைப் பங்கிடுவோர்கூட இன்னும் சற்றுப் பேசியிருப்பர்! தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. தவணை முடிந்தும் புறப்படாதோரைக் காவலர் லயன் அறைகளிலிருந்து பிடித்துச் சென்று கப்பலேற்றியதும் உண்டு. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர்.

அவர்கள் பக்கம் நின்றோரும் இருந்தனர். இயேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்தியோதயம்' நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் அங்கே ஒன்றாக உழைத்துத் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தனர். 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு ஓடிவந்த குடும்பங்களை, மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய 'காந்தியம்' வவுனியாப் பகுதியில் குடியமர்த்தியது. நிலமும் கிணறும் பள்ளியும் தந்த அப்பணி அரசின் கண்ணுக்குக் குற்றமாகவே தெரிந்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

காந்தியத்தின் நிழலில் வாழ்ந்தோருள் பலர் படகேறினர். பாட்டன் புறப்பட்ட கரைக்கே பேரன் அகதியாக வந்திறங்கினான். அவர்களுக்குக் கல்வியும் நிவாரணமும் கிடைக்கச் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். தந்தை வாதாடிய மக்களுக்கே மகனும் வந்து வாய்த்தார். ஆனால் அவரையே 1985 ஆகஸ்டில் இந்திய அரசு நாடுகடத்த முற்பட்டது. தமிழகம் கொதித்தெழவே, அவரைத் திரும்ப அனுமதித்தது.

முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டனர். உரிய பயணத்தாள் இன்றி வந்ததால், இந்தியச் சட்டம் இவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்றே கருதி வந்தது. இந்திய வம்சாவளியினரான இவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் கூறியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்து, 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. சிறை அச்சத்தை அவ்வாணை பெரிதும் அகற்றியுள்ளது. குடியுரிமையை அது தரவில்லை.