வானுக்கும் வாசல் உண்டு

இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள வான்தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர் ஆகும். நம் பாட்டனார் காலத்திலும் அது அவ்வளவே. நம் பேரர் காலத்திலும் அவ்வளவே. பயண நேரமோ காலந்தோறும் மாறி வந்துள்ளது. இம்மாற்றத்திற்கு இயந்திரத்தின் ஆற்றலே முழுக் காரணம் என நாம் எண்ணுகின்றோம். வரலாறு வேறொன்றையும் சொல்கிறது.

1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் தன் கீழை வழித்தடத்தைச் சிங்கப்பூர் வரை நீட்டியது. கப்பலில் மூன்று, நான்கு வாரம் பிடித்த பயணம் பத்து நாள் அளவிற்குச் சுருங்கியது. ஆயினும் அது முழுமையான வான்பயணம் அன்று. பிரிட்டனுக்கும் இத்தாலிக்கும் இருந்த பிணக்கினால், பயணிகள் பாரிஸில் இறங்கி, தொடர்வண்டியில் பிரிண்டிசி துறைமுகம் சென்று, அங்கிருந்தே மீண்டும் வான்வழி ஏறினர். அதற்கு முன்னரே, பாரசீகக் கரையோரம் பறப்பதற்கான இசைவு தொடராமற்போனதால், 1932இல் வழித்தடம் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியிருந்தது. பயணிகள் இரவு தங்குவதற்காக ஷார்ஜாவின் பாலை மணலில் ஒரு விடுதி எழுந்தது.

ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்பதை 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்தது. அதன் பொருளை நம் வட்டாரம் 1977இல் நேரில் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாகக் கான்கார்ட் சேவையைத் தொடங்கின. ஒலியினும் இருமடங்கு விரைவாகச் செல்லும் அவ்வானூர்தி, பஹ்ரைனில் தங்கிச் சென்றும், ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் இலக்கை எட்டியது.

மூன்று முறை சென்று திரும்பியதும் சேவை நின்றது. ஒலிவேகத்தை மிஞ்சும் வானூர்தியால் எழும் பேரோசையைக் காட்டி, மலேசிய அரசு தன் வான்வெளியை மறுத்தது. 1979 ஜனவரியில் மலேசியாவைத் தவிர்த்த புதுவழியில் சேவை மீண்டும் தொடங்கியது. இந்தியாவும் தன் வான்வெளியில் ஒலியை மிஞ்சிப் பறக்க இசையவில்லை. 1980 நவம்பரில் அச்சேவை முற்றாக முடிவுற்றது.

மறுத்தவர்களைக் குறை கூறுதல் எளிது. ஆனால் மேலே செல்லும் சிலர் சில மணி நேரம் மிச்சப்படுத்த, கீழே வாழும் பலர் இடியோசையைத் தாங்க வேண்டுமா என்னும் கேள்வியும் நேர்மையானதே அன்றோ?

இன்று இடைநிற்காமல் செல்லும் வானூர்திகள் இத்தொலைவைப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தில் கடக்கின்றன. கான்கார்டைவிட இது மெதுவான பயணமே. அதுவும் கீழுள்ள நாடுகளின் இசைவைப் பொறுத்ததே. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா சென்ற சில வானூர்திகள் வழிமாறின. எரிபொருள் நிரப்ப இடையில் இறங்கவும் நேர்ந்தது.

தொலைவை இயற்கை வகுத்தது. நேரத்தைக் குறைக்கும் கருவியை அறிவியல் தந்தது. எனினும், வழியில் உள்ளோர் வாசலைத் திறந்தால்தான் அக்கருவி பயன் தரும். பயணச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள நேரத்திற்குப் பின்னால், நாம் பெயரறியாத பல நாடுகளின் இசைவு நிற்கின்றது. அதை நாம் மறத்தலாகாது.