கட்டபொம்மனும் கணினிச் சோதனையும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் தரைமட்டமாக்கிய கும்பெனியார், அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது. அப்பெயர் கணினியில் பட்ட பாடு தனிக்கதை.

நமக்கு அது 9 எழுத்து, திஸ்கியில் 13 குறியீடு, யூனிகோடிலோ 17. தலைப்பைக் குறியீட்டுக் கணக்கில் 16ஆவதோடு வெட்டும் பதிப்பு மென்பொருள், 'குறிச்சி'யைக் 'குறிச்ச' ஆக்கிவிடும்.

கட்டபொம்மன் இன்னும் பொல்லாதவர். திஸ்கியில் 'பொ' கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கும். யூனிகோடில் பகரமே முதலில் வரும். உயிர்க்குறி ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயின் அவற்றை ஒன்றென அறியாத தேடல் நிரல், நூல் கண்முன் இருக்கவே இல்லையென்று கைவிரிக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் திஸ்கி நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொணர்ந்தது. அத்தகைய மாற்றத்தில் ஒவ்வொரு கொம்பும் இடம்பெயர வேண்டும். அத்தனையையும் மெய்ப்புப் பார்க்க எத்தனை கண்கள் வேண்டும்!

பைத்தானில் அமைந்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் எழுத்துகளைப் பிரித்தெண்ணும் செயல்களோடு அவற்றுக்கான தானியங்கிச் சோதனைகளும் உண்டு. சொல்லையும் அதற்குரிய விடையையும் ஒருமுறை எழுதி வைத்தால் போதும்; நிரலில் எவர் கைவைத்தாலும் இயந்திரமே ஒப்பிட்டுப் பிழையைச் சுட்டும். 'அம்மா'வை மட்டும் இட்டுத் தேர்ச்சி என்பதில் பொருளில்லை. இவ்விரு பெயர்களையும் இடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.