லயத்து வாசலில் தொடர்கதை

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு பெரும்பாலும் எழுதியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யை முதல் நாவலாக வைத்துத் தொடங்கி, எந்தப் பத்திரிகை யாரை வளர்த்தது, எந்தப் போட்டியில் யார் பரிசு பெற்றார் என்று அது நகரும். படித்தவர்களும், யாரோ படிக்கக் கேட்டவர்களும், கேட்டுவிட்டு இரவெல்லாம் வாதாடியவர்களும் அதில் 'வாசகர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். தோட்டப்புறத்தில் தொடர்கதையையும் தொடர் நாடகத்தையும் பற்றி நடந்த பேச்சு வெறும் பொழுதுபோக்கு அல்ல. தோட்ட மக்களுக்கு வாய்த்த இலக்கிய விமர்சனம் அதுதான். ஓரளவுக்கு அவர்களுடைய பொதுமன்றமும் அதுதான். கதைகளின் தரத்தால் அது உருவாகவில்லை. ஒரே பிரதியை, பிறகு ஒரே வானொலி அல்லது தொலைக்காட்சிப் பெட்டியைப் பலர் பகிர்ந்துகொண்டு அடுத்த பகுதிக்காகச் சேர்ந்து காத்திருந்ததால் உருவானது.

சிலாங்கூரின் ஈஜோக் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2007 ஏப்ரலில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போதுதான் ஈஜோக் என்ற பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. அதற்கு முன் அது கோலசிலாங்கூர் மாவட்டத்துச் சின்னக் கம்பம்; சுற்றிலும் தோட்டங்கள். புக்கிட் ஈஜோக், அப்பால் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம், ரிவர்சைட், ராஜா மூசா என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். அவற்றில் ரப்பர் தோட்டங்களின் நேர ஒழுங்கு நம் வாதத்துக்கு முக்கியம். விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, குளிர்ச்சி இருக்கும்போதே மரம் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும், மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகலில் கூட்டம் ஒரே நேரத்தில் வீடு திரும்பும். ஆலைத் தொழிலாளிக்கு ஷிஃப்ட் உண்டு, கடைக்காரருக்கு இரவு வியாபாரம் உண்டு. தோட்டத்திலோ எல்லாருக்கும் ஒரே ஓய்வு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பலகைச் சுவர் பக்கத்து வீட்டு இருமலைக்கூட மறைக்காது. தனியாகக் கதை படிப்பது அங்கே விருப்பத்தின் விஷயமாக இருக்கவில்லை; அதற்கு இடமே இல்லை.

இந்தப் பேச்சு அச்சிட்ட நாளிதழோடு தொடங்கியதுமல்ல. சென்னையில் அச்சான 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்ற மலிவுப் பதிப்புகளை எழுத்தறிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்பது தமிழகத்துக் கிராமங்களின் வழக்கம். கப்பலேறியவர்களோடு அதுவும் ஏறியது. நல்லதங்காளையும் அவள் பிள்ளைகளையும் பசியோடு திருப்பியனுப்பும் அண்ணி மூளி அலங்காரிதான் இன்றைய தொலைக்காட்சி வில்லிகளுக்கெல்லாம் மூத்தவள் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நல்லதங்காள் கிணற்றில் விழுவாள் என்பது கேட்பவர் எல்லாருக்கும் முன்பே தெரியும். அங்கே பேச்சு தீர்ப்பு பற்றியது: அண்ணன் செய்தது சரியா, அவளுக்கு வேறு வழி இல்லையா. முடிவு தெரியாத கதை வந்தபோதுதான் ஊகம் வந்தது; ஊகத்தோடு கட்சி பிரிவதும் வந்தது.

அதைக் கொண்டுவந்தது பத்திரிகை. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் பிறந்து கோ. சாரங்கபாணியின் கையில் வளர்ந்த தமிழ் முரசும் தோட்டத்துக்குள் வந்தபோது ஒரு தாள் ஒரு ஆளுக்கானதாக இருக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரோ கிராணி எனும் தோட்ட எழுத்தரோ வாங்குவார். கை மாறி மாறி லயத்துக்கு வரும். படிக்கத் தெரிந்த பையன் உரக்கப் படிப்பான். இப்படிக் கூடிக் கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பது தோட்ட நிர்வாகங்களுக்குப் புரிந்தே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தத்தை நடத்திய ஆர். எச். நாதன், தமிழ் நேசனின் துணையாசிரியர். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பவையெல்லாம் கோரிக்கைகளில் இருந்தன. நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது. வேலைநிறுத்தம் தொடர்கதையால் வந்தது என்று சொன்னால் அது நகைப்புக்கு இடம். நான் சொல்வது அதைவிடச் சிறியது: வெளியாள் உள்ளே வரக்கூட அனுமதி தேவைப்பட்ட இடத்தில், பத்துப் பேர் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்லிப் பழகுவது அற்ப விஷயம் அல்ல. தலையங்கத்துக்கும் கதைக்கும் கேட்கும் காது ஒன்றுதான்.

போருக்குப் பிறகு தொடர்கதையின் பொற்காலம் வந்தது. 1950 அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டு 'கல்கி'யில் ஓடிய 'பொன்னியின் செல்வன்' கடல் தாண்டியும் வாசகரைப் பிடித்துவைத்தது. சென்னை இதழ்கள் கப்பலில் தாமதமாக வந்து சேர்ந்ததால், நந்தினி என்ன செய்யப்போகிறாள் என்ற கேள்வி தமிழ்நாட்டில் அடங்கிய பிறகும் இங்கே கொதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதே 1950இல்தான் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தத் தொடங்கினார்கள். கதை எழுதுவது எப்படி என்று ஒரு நாளிதழ் பாடம் நடத்தியதை மலேசியச் சிறுகதையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் சரியாகவே குறிப்பிடுகிறார்கள். அதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். கதையைப் பற்றி ஏற்கெனவே அபிப்பிராயம் வைத்திருந்த கூட்டம் இல்லாத இடத்தில் எந்த ஆசிரியரும் அப்படியொரு வகுப்புக்குப் பத்தி ஒதுக்கமாட்டார். 1952இல் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு வந்து 1957 வரை இருந்ததும், அந்த ஆண்டுகளில் இலக்கியத்தை உட்கார்ந்து விவாதிக்கும் பழக்கம் இளம் எழுத்தாளர்களிடையே வேரூன்றியதும் இந்த நிலத்தில்தான். வாத்தியார்களின் விமர்சனம் மேலே நடந்தது என்றால், கீழே லயத்தில் பேர் இல்லாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

வானொலியின் கதை இன்னும் விசித்திரம். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் தோட்ட மக்கள் முள்வேலிக்குள் நெருக்கி வைக்கப்பட்டார்கள். ஊரடங்கு மாலையை வீட்டுக்குள் அடைத்தது. ரேடியோ மலாயா, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்து மக்களைச் சேர்ந்து கேட்கச் செய்தது. 1950-51இல் அவசரகாலத் தகவல் சேவைக்குத் தலைவராக லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்ட்டன் கிரீன்; பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரானவர். அரசின் நோக்கம் தெளிவு: கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போடாதே, சரணடைந்தவனை வரவேற்போம். சரியாக அதே நேரம், 1951 ஜனவரி 1 முதல், பிபிசி தன் சொந்த நாட்டு விவசாயிகளுக்குச் சாகுபடி யோசனை சொல்ல 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகத்தை நாடு தழுவி ஒலிபரப்பத் தொடங்கியது. பங்கீட்டு அட்டை இன்னும் ஒழியாத இங்கிலாந்தில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் அறிவுரையைக் கதையில் பொதிந்து கொடுக்கும் ஏற்பாடு. கேட்டவர்கள் உர விவரத்தையா நினைவில் வைத்தார்கள்? 1955 செப்டம்பர் 22 அன்று கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரம் தீயில் சிக்கி இறந்தபோது பிபிசியின் தொலைபேசிகள் திணறின. வணிகத் தொலைக்காட்சி பிரிட்டனில் முதன்முதல் ஒளிபரப்பான அதே இரவு அது. போட்டியாளனின் தொடக்க விழாவை ஒரு கற்பனைப் பெண்ணின் மரணம் மறைத்துவிட்டது. உபதேசத்தை உதறிவிட்டுக் கதையை எடுத்துக்கொள்வதில் வூஸ்டர்ஷயர் விவசாயியும் கோலசிலாங்கூர் பால்வெட்டுக்காரரும் அந்நியர்கள் அல்லர். தமிழ் ஒலிபரப்பில் நாடகம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது தெரிந்த அளவுக்கு அரசின் முழக்கங்கள் நினைவில் தங்கியிருக்குமா என்று ஐயப்பட எனக்குக் காரணம் உண்டு.

சான்று எங்கே என்று இங்கே ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். லயத்து வாசலில் பேசியதை யாரும் குறித்துவைக்கவில்லை. உண்மைதான். ஆனால் இது பேச்சு நடக்கவில்லை என்பதற்கான சான்று ஆகாது. குறிக்கத் தகுந்தது என்று யாரும் கருதவில்லை என்பதற்கான சான்று. பிரிட்டனிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1964 முதல் ஓடிய 'கிராஸ்ரோட்ஸ்' தொடரைப் பத்திரிகை விமர்சகர்கள் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தபோது, டோரத்தி ஹாப்சன் என்ற ஆய்வாளர் அதைப் பார்க்கும் பெண்களோடு அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசி, 1982இல் ஒரு நூல் எழுதினார். பார்ப்பவர்கள் தங்கள் வாழ்வைக் கொண்டுவந்து கதையில் சேர்க்கிறார்கள், கதை அவர்கள் பேச்சில்தான் முழுமையாகிறது என்பது அவர் கண்டது. இயன் ஆங் 'டல்லஸ்' ரசிகர்களின் கடிதங்களை வைத்து எழுதியதும் அதே தடத்தில். சிலாங்கூர் தோட்டங்களில் அப்படி உட்கார்ந்து கேட்க ஆள் வராதது தோட்ட மக்களின் குறை அல்லவே.

தொலைக்காட்சி மலேசியாவுக்கு 1963 டிசம்பரில் வந்தது. தமிழுக்குக் கிடைத்தது வாரத்தில் மிகச் சில மணி நேரம். தோட்டத்தில் பெட்டி வாங்க முடிந்த வீடுகளோ அதைவிடச் சில. ஆகவே பழைய ஏற்பாடே தொடர்ந்தது: ஒரு வீடு, ஒரு பெட்டி, வாசல் வரை தலைகள். 1996இல் ஆஸ்ட்ரோவும் அதன் வானவில் அலைவரிசையும் வந்து, பிறகு சன் டிவித் தொடர்கள் வீட்டுக்குள் கொட்டத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. 1999 கடைசியில் தொடங்கிய 'சித்தி', 2002இன் 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை 1,533 பகுதி ஓடிய 'கோலங்கள்' ஆகியவற்றின் பெயரைச் சொன்னால் முகம் மலராத தோட்டப்புறத்துப் பெண்மணி அரிது.

இங்கே எழும் ஆட்சேபணை வலுவானது. இவை சென்னையில் தைத்து அனுப்பிய கதைகள். மரம் வெட்டுகிறவள் ஒருத்தியும் இவற்றில் இல்லை. பெண் பொறுத்துப்போக வேண்டும் என்பதையே ஆண்டுக்கணக்கில் ஓதுகின்றன. உள்ளூர் நாடகத்தின் வாயை அடைத்தன. கடைசிக் குற்றச்சாட்டு நியாயமானது, அதை நான் மறுக்கப்போவதில்லை. மற்றவற்றில் கதையையும் பேச்சையும் ஒன்றாகக் குழப்பும் தவறு இருக்கிறது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு சம்பந்தி வீட்டு வாசலிலும் தலைகுனியும் 'மெட்டி ஒலி' அப்பாவைப் பற்றி வாதாடும்போது, அடுத்த லயத்து வரதட்சணை விவகாரத்தைப் பெயர் சொல்லாமலே பேசிவிட முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி நேராகத் தீர்ப்புச் சொன்னால் சண்டை. திரையில் அழுகிறவளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். கதை தொலைவிலிருந்து வந்ததே அதற்கு வசதி. கணவனை விட்டு விலகித் தன் காலில் நின்று கட்டுமானத் தொழில் நடத்தும் 'கோலங்கள்' அபியை வைத்து "அவ செஞ்சதுல என்ன தப்பு?" என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்வியில் சென்னையைவிட, எழுபதுகள் முதல் தோட்டத்துப் பெண்கள் மின்னணுத் தொழிற்சாலை பஸ் ஏறிப்போய்ச் சொந்தச் சம்பளம் கண்ட அனுபவம்தான் அதிகம்.

இதே வட்டாரம் பெரிய புத்தகங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. கோலசிலாங்கூரில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் தென்னமரத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்நாவலின் நடுவில் இருப்பவர்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களும் மலாய் இளைஞன் ஒருவனும். மரம் வெட்டிய தமிழர் ஓரத்தில் நிற்கிறார்கள். எழுபதுகளில் அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' அவர்களை நடுவுக்குக் கொண்டுவந்தது. இரக்கம் நிறைந்த நாவல்தான். ஆனால் இரண்டிலும் தோட்டத் தமிழர் கதைக்குப் பொருளாகிறார்கள். கதையை எடைபோடுகிறவர்களாக வருவதில்லை. ஒரு முழு நாள் வேலைக்குப் பின் நந்தினியையோ அபியையோ முன்னிட்டு அவர்கள் நடத்திய வாதத்தில்தான் அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது.

இப்படிச் சொல்வது பழைய லயத்துக்காக ஏங்குவதாகிவிடுமோ என்ற ஐயம் மிஞ்சுகிறது. ஒரே பெட்டி வறுமையால் வந்தது. மெல்லிய சுவர் முதலாளியின் கஞ்சத்தனத்தால் வந்தது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று சட்டம் போடவே 1966 ஆகிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, வீடமைப்புத் திட்டங்களாகி, மக்கள் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் புஞ்சாக் ஆலாமிலும் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அவரவர்க்குத் தனிக் கதவும் தனிப் பெட்டியும் கிடைத்தன. அதை யாரும் குறைசொல்ல முடியாது. தொடர் பார்ப்பது அதனால் குறையவும் இல்லை. குறைந்தது வாசல்தான்: படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும், மாமியாரும் மருமகளும், கிராணி மனைவியும் வெளிக்காட்டுக்காரியும் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, எதிரெதிர்க் கட்சியில் நின்று, மறுநாள் பிரட்டுக்கு ஒன்றாகவே போக வேண்டியிருந்த கட்டாயம். தமிழ் நேசனும் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதன் பழைய தொகுப்புகளில் கதைகளைத் தேடிப்போகும் ஆய்வாளர் வாசகர் கடிதங்களையும் பிரதியெடுத்தால், இந்த வரலாற்றின் மறுபாதியை எழுதத் தொடங்கலாம்.