நரம்புறைக் கட்டிகள்: தீங்கற்றதா, புற்றுநோயா என்பதை அறிவதில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் பங்கு

நரம்புறைக் கட்டி என்றால் என்ன?

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கை, கால் முதலிய பகுதிகளுக்குச் செல்லும் நரம்புகளைச் சுற்றி உறை ஒன்று உள்ளது. அவ்வுறையின் உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் உருவாவதே நரம்புறைக் கட்டி. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஷ்வான்னோமா, நியூரோஃபைப்ரோமா ஆகிய இரண்டும் பரவலாகக் காணப்படுபவை. புற்றுநோய்த் தன்மை கொண்ட நரம்புறைக் கட்டி அரிதானது. எனினும், அது விரைவாக வளர்ந்து நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவக்கூடியது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. தீங்கற்ற கட்டியைத் தேவையின்றி அகற்ற முற்பட்டால் நரம்பு சேதமடையக்கூடும். புற்றுநோய்க் கட்டிக்குச் சிகிச்சை தாமதமானால், அதனை முழுமையாக அகற்றும் வாய்ப்பு குறைந்துவிடும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

நியூரோஃபைப்ரோமாடோசிஸ் வகை 1 என்னும் மரபணுக் குறைபாடு ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்குக் காணப்படுகிறது. தோலில் பால் கலந்த காப்பி நிறத் திட்டுகளும் சிறு கட்டிகளும் தோன்றுவது இதன் அடையாளம். இக்குறைபாடு உள்ளவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வகை நரம்புறைக் கட்டி உருவாகும் வாய்ப்பு ஏறத்தாழ 8 முதல் 13 விழுக்காடு. முன்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்திலும் இக்கட்டி தோன்றலாம்.

பின்வரும் மாற்றங்களுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரை உடனே அணுக வேண்டும்:

• ஓய்வின்போதும் உறக்கத்தின்போதும் நீடிக்கும் வலி
• நெடுநாள் மாறாதிருந்த கட்டி விரைவாகப் பெரிதாதல் அல்லது இறுகுதல்
• புதிதாகத் தோன்றும் மரத்துப்போதல் அல்லது தசைப் பலவீனம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மருத்துவர் எவற்றைக் கவனிக்கிறார்?

எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் பயன்படுத்துகிறது. எக்ஸ்-ரே கதிர்வீச்சு இதில் இல்லை. எனவே மீண்டும் மீண்டும் கண்காணிக்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

தீங்கற்ற கட்டி பெரும்பாலும் தெளிவான விளிம்புடனும் கதிர் வடிவிலும் நரம்பின் போக்கிலேயே அமைந்திருக்கும். சில படங்களில் நடுப்பகுதி கருமையாகவும் சுற்றுப்பகுதி வெண்மையாகவும் வில்வித்தை இலக்குப் பலகை போலத் தோன்றும். இது தீங்கற்ற தன்மையை ஆதரிக்கும் அடையாளம்.

ஐயத்தை எழுப்பும் அடையாளங்கள்:

• 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு
• தெளிவற்ற விளிம்பு. அருகிலுள்ள திசுக்களில் ஊடுருவல்
• கட்டியைச் சுற்றி நீர் கோத்த வீக்கம்
• கட்டிக்குள் நீர்ப்பைகள் அல்லது அழிந்த திசு
• காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் கட்டியின் ஓரப்பகுதி மட்டும் ஒளிர்தல்

இவற்றுள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை ஒருங்கே காணப்பட்டால் ஐயம் வலுப்பெறுகிறது.

படம் மட்டும் போதுமா?

போதாது. பல ஆண்டுகளாக இருந்துவரும் ஷ்வான்னோமாவிலும் நீர்ப்பைகள் உருவாகலாம். அது புற்றுநோய்க் கட்டி போலத் தோற்றமளிக்கும். மாறாக, தொடக்க நிலைப் புற்றுநோய்க் கட்டி தெளிவான விளிம்புடன் அமைதியாகத் தோன்றலாம். ஆகவே, அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைக் கொண்டு அஞ்சுவதும் தவறு. வலி அதிகரிக்கும்போது பழைய அறிக்கையை நம்பி வாளாவிருப்பதும் தவறு.

ஐயம் நீடித்தால், கட்டிக்குள் நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் முறை எம்.ஆர்.ஐ. செய்யப்படலாம். உயிரணுக்கள் நெருங்கி அடர்ந்த கட்டியில் இந்நகர்வு குறைவாக இருக்கும். கட்டி சர்க்கரையை எவ்வளவு ஈர்க்கிறது என்பதைக் காட்டும் பெட் ஸ்கேனும் பரிந்துரைக்கப்படலாம். எனினும், இறுதி முடிவைத் தருவது பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனையே. மாதிரி எடுப்பதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இப்படங்கள் வழிகாட்டுகின்றன.

ஊசியால் குத்தினால் நோய் பரவிவிடும் என்னும் அச்சத்தால் பலர் இப்பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். அறுவை சிகிச்சைக் குழுவுடன் கலந்து முறையாகத் திட்டமிட்டுச் செய்தால் அத்தகைய ஆபத்து மிகக் குறைவு. தவிர்ப்பதால் ஏற்படும் தாமதமே பெரிய இழப்பை உண்டாக்கும்.

ஸ்கேனுக்கு முன் தெரிவிக்க வேண்டியவை

• பேஸ்மேக்கர், காதினுள் பொருத்திய செவிக்கருவி, உலோகக் கிளிப் போன்றவை உடலில் இருத்தல்
• சிறுநீரக நோய், கருவுற்றிருத்தல், முன்னர் காண்ட்ராஸ்ட் மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை
• மூடிய இடத்தில் ஏற்படும் அச்சம்

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

முந்தைய ஸ்கேன் படங்களையும் குறுந்தகடுகளையும் அறிக்கைகளையும் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இரு படங்களுக்கிடையே ஏற்பட்ட வளர்ச்சி, ஒரு படத்தில் மட்டும் புலப்படாத உண்மையை உணர்த்தக்கூடும். வலி எப்போது தொடங்கியது, எவ்வாறு மாறியது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதி பெற்ற மருத்துவரை அணுகவும்.