உளி செதுக்கிய ஏறுபாதைகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், ஹேதர்சேஜ் ஊருக்கு மேலே இருக்கிறது மில்ஸ்டோன் எட்ஜ். சொரசொரப்பான கிரிட்ஸ்டோன் மணற்பாறையை வெட்டி எந்திரக்கல் செய்த இடம். பிரான்சிலிருந்து வந்த கற்கள் வெள்ளை மாவுக்கு ஏற்றவையாக இருந்ததால் அந்தத் தொழில் படுத்தது. விலைபோகாத கற்கள் இன்றும் புதரில் கிடக்கின்றன. பக்கத்து போல் ஹில் குவாரியிலிருந்து ஹௌடன், டெர்வென்ட் அணைகளுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் கல் போனது.

மில்ஸ்டோன் எட்ஜில் குவாரிக்காரர்கள் விட்டுப்போன செங்குத்துச் சுவர்களில் 1950களில் பீட்டர் பைவனும் டிரெவர் பெக்கும் விரிசலுக்குள் இரும்பு முளைகளை அடித்து ஏறினார்கள். பாதைகளுக்கு லண்டன் தெருப் பெயர்கள் வைத்தார்கள். முளைகளை அடித்துப் பிடுங்கியதில் விரிசல்கள் விரல் நுழையும் அளவுக்கு அகன்றன. அந்த வடுக்களையே பிடியாக்கி, 1975இல் ஜான் ஆலன் 'லண்டன் வால்' பாதையை வெறும் கைகாலால் ஏறினார்.

இங்குள்ள மரபு கண்டிப்பானது: பாறையில் போல்ட் அடிக்கக் கூடாது. முன்னால் ஏறுபவர் விரிசலில் உலோக ஆப்பைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொள்கிறார்; பின்னால் வருபவர் அதைக் கழற்றி எடுத்துவருகிறார். ஆப்பு சரியாக உட்காராவிட்டால் தரைதான்.

இங்குள்ள 'மாஸ்டர்ஸ் எட்ஜ்' என்ற பாதையின் விளிம்பில் விரிசலே இல்லை. வெடிமருந்து வைக்கத் துளைத்த குழிகள் மட்டும் பாதி உயரத்தில் உள்ளன. விரலுக்குப் பிடியும் அவைதான், ஆப்புக்கு இடமும் அவைதான். 1983 டிசம்பரில் ரான் ஃபாசெட் அதில் முதலில் ஏறினார். குழிகளுக்கு மேலே கயிற்றை மாட்ட எதுவும் கிடையாது. பிரிட்டிஷ் பாறையேற்றத்தின் துணிச்சலான சாதனைகளில் அந்த ஏற்றத்துக்குத் தனி இடம் உண்டு.